விளையாட்டுக் கணினிக்கு விண்டோஸ் 11 தேவைதானா?

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தன் மகனோடு நம் அலுவலகத்திற்கு வந்தார். கையில் ஒரு பெரிய துணிப்பை. அதற்குள் கணினியின் சிபியு பெட்டி. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, விண்டோஸ் 11 போடுவதற்காகப் பையன் பயாஸுக்குள் போய் இரண்டு மூன்று அமைப்புகளை மாற்றியிருக்கிறான். அதன் பிறகு கணினி திறக்கவில்லை. கொண்டுபோன கடையில், "விண்டோஸ் போயிருச்சு, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்று சொல்லி அன்றைக்கே செய்தும் கொடுத்துவிட்டார்கள். மூத்த மகளின் கல்லூரி புராஜெக்டும், மௌத்தாகிவிட்ட பாட்டனாரின் போட்டோக்களும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. "ஏதாவது மீட்க முடியுமா?" என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். தெரிந்த பிள்ளைகளை வைத்து முயன்றோம். கொஞ்சம் போட்டோக்கள் கிடைத்தன. புராஜெக்ட் கிடைக்கவில்லை.

எங்களை வருத்தியது என்னவென்றால், அந்த ஃபார்மட்டுக்கு அவசியமே இருந்திருக்காது என்பதுதான். பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 10 'லெகசி' என்ற பழைய முறையில் போடப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் செக்யூர் பூட் வேலை செய்ய யுஇஎஃப்ஐ முறை வேண்டும், டிஸ்க் ஜிபிடி அமைப்பில் இருக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றாமல் பயாஸில் சிஎஸ்எம் என்பதை மட்டும் அணைத்தால், கணினிக்குத் தன் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. உள்ளே ஃபைல்கள் எல்லாம் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கும். சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் பழையபடி திறந்துவிடும். ஆகவே, இப்படி நடந்தால் முதலில் பயாஸில் எதை மாற்றினோமோ அதைத் திருப்பி வையுங்கள். கடைக்காரர் ஃபார்மட் என்றால், "டிஸ்க்கைத் தொடாதீர்கள், முதலில் ஃபைல்களை எடுத்துத் தாருங்கள்" என்று சொல்லுங்கள்.

இந்தப் பேச்சு இப்போது வீட்டுக்கு வீடு ஏன் வந்தது என்றால், 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நிறுத்தியது என்றால் கணினி நின்றுவிடும் என்று அர்த்தமல்ல. நேற்று ஓடிய கேம் இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இனி தானாக வராது. பூட்டு தேய்ந்த கதவு போல, திருடன் வரும் வரை வித்தியாசம் தெரியாது.

பிள்ளைகள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். அதற்காக அவர்கள் சொல்வதை ஒதுக்கவும் வேண்டாம். முதலில் அவர்களிடமே கேளுங்கள்: எந்த கேம் விளையாடுகிறாய், அது எதைக் கேட்கிறது? பழைய கேம்களும், மைன்கிராஃப்ட் போன்றவையும் விண்டோஸ் 10இலேயே நன்றாக ஓடுகின்றன. ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருளோடு வரும் ஆன்லைன் கேம்களில்தான் சிக்கல். பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7 அதோடு டிபிஎம் 2.0வும் கேட்கிறது. இவை இரண்டையும் விண்டோஸ் 10இலேயே போட்டுக்கொள்ள முடியும். ஆகவே, "கேம் ஓடவில்லை, அதனால் விண்டோஸ் 11 வேண்டும்" என்று பையன் சொன்னால் அது எப்போதும் சரியாக இருக்காது.

வேகம் கூடுமா என்றும் கேட்கிறார்கள். பெரிதாகக் கூடாது. விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு பல கணினிகளில் தானாகவே போடப்பட்டிருக்கும். அதனால் சில கேம்களில் வேகம் சற்றுக் குறையலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லி, விளையாடும் நேரத்தில் அதை அணைத்து வைக்கவும் வழி காட்டியிருக்கிறது. வீட்டில் வங்கி வேலையும் நடக்கும் கணினியில் அதை அணைக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. நான்கைந்து பிரேம் குறைந்தால் குடி முழுகிவிடாது. ரைசன் கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிபிஎம்மைப் போட்டால் கேம் விட்டுவிட்டு ஓடும் கோளாறு ஒன்று இருந்ததை ஏஎம்டி 2022இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் சரிசெய்தது. பழைய பயாஸோடு இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் கணினி தகுதியானதா? இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை கோர் பிராசசர் முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். அதிலும் சில மாடல்கள் விடுபட்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும். அது 'டிபிஎம் இல்லை' என்று சொன்னால் உடனே மதர்போர்டு மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் அது உள்ளே இருந்தும் அணைந்தே கிடக்கும். பயாஸில் இன்டெல்லுக்கு பிடிடி என்றும், ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்றும் பெயர். அதை 'எனேபிள்' செய்தால் போதும். டிஸ்க் பழைய முறையில் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'லெகசி' என்று இருந்தால் பயாஸைத் தொடுவதற்கு முன் டிஸ்க்கை மாற்ற வேண்டும். ஃபைல்களை அழிக்காமல் மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனாலும் பிரதி எடுக்காமல், விவரம் தெரிந்தவர் துணையில்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

தகுதி இருக்கிறது, ஒரிஜினல் விண்டோஸ் 10 இருக்கிறது என்றால் மாற்றத்திற்குக் காசில்லை. மாறிவிடுவதே நல்லது. ஒரு விடுமுறை நாளில் உட்காருங்கள், பரீட்சை வாரத்தில் வேண்டாம். மாற்றிய பத்து நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸிலேயே பழையதற்குத் திரும்பலாம். அதன் பிறகு திரும்ப எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். சில கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அதைத் திறக்கும் 48 இலக்க எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைப் பையன் மட்டும் அறிந்து வைத்திருந்து மறந்துபோனால் வீட்டில் யாராலும் திறக்க முடியாது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தகுதி இல்லாத கணினி வைத்திருப்பவர்களிடம்தான் கடைக்காரர்கள் புதிது வாங்கச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். அவசரம் இல்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி கொடுத்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான பதிவு இருக்கும். கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் பிரதி எடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இதனால் ஒரு வருடம் கிடைக்கிறது. 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டதால் பொறுத்து வாங்குவதில் நஷ்டமும் இல்லை.

சோதனையை ஏமாற்றி, தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். போட முடியும், உண்மைதான். ஆனால் அத்தகைய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. விளையாடும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலரன்ட் கேம் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் 'வான் 9001' என்று பிழை காட்டித் திறக்கவே மறுக்கும். விண்டோஸ் 10இல் ஓடிக்கொண்டிருந்த கேம், 'முன்னேற்றிய' பிறகு நின்றுபோகும். லினக்ஸுக்கு மாறலாமே என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஸ்டீமில் உள்ள ஏராளமான கேம்கள் அதில் ஓடுகின்றன. வேலரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும் ஓடாது. படிப்புக்கும் பழைய கேம்களுக்கும் மட்டும் பயன்படும் கணினி என்றால் தாராளமாக முயன்று பார்க்கலாம்.

கிராக் போட்ட விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. அது சரியா தவறா என்பதற்கு உங்களுக்கே பதில் தெரியும். அதோடு, அந்த 'ஆக்டிவேட்டர்' மென்பொருளை நிறுவும்போது பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறார்களே, ஏன் என்று யோசியுங்கள். அத்தா வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே கணினியில்தான்.

எந்த முடிவுக்கு வந்தாலும், கணினியைத் தொடுவதற்கு முன் போட்டோ, படிப்பு, பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். பிரதி எடுக்கத் தெரியாதவர்கள் கணினியை அலுவலகத்திற்குக் கொண்டு வரலாம். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். சிபியு பெட்டி மட்டும் போதும், மானிட்டர் இங்கே இருக்கிறது. ஃபைல்களை வாங்கிக்கொள்ள டிஸ்க்கை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.