உங்களுக்குத் தெரியுமா? வண்டு பிடித்த மீன்வலை

மேற்குப் பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட சிறு தீவு குவாம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் 1952இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியாகப் பிறந்தது. 1972இல் நிலக்கொடைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. அன்று முதல், ஆய்வில் கண்டதைத் தோட்டக்காரரிடம் கொண்டு சேர்ப்பதும் அதன் கடமை.

அந்தக் கடமைக்குக் கடும் சோதனை 2007இல் வந்தது. நம் ஊர்த் தென்னை விவசாயிகள் நன்கறிந்த அதே காண்டாமிருக வண்டு குவாமிலும் நுழைந்து, குருத்தைக் குடைந்து மரங்களைச் சாய்த்தது. மற்ற பசிபிக் தீவுகளில் இந்த வண்டைக் கட்டுப்படுத்திய வைரஸ் இங்கே பலிக்கவில்லை. பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் கையில் எடுத்தது, உள்ளூர் மீனவர்களின் செவுள்வலை! வண்டுகள் முட்டையிடத் தேடி வரும் மட்குக் குவியலின் மேல் அதை விரித்தார்கள். உள்ளே போகும் வண்டும் வெளியே வரும் வண்டும் காலும் கொம்பும் சிக்கித் தவித்தன. எந்த வீட்டாரும் தாங்களே செய்துகொள்ளக்கூடிய வழி என்பதுதான் இதன் அருமை. வண்டு முற்றாக ஒழியவில்லை, போராட்டம் தொடர்கிறது.

தண்ணீரிலும் அதே அக்கறை. வடக்குக் குவாமின் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். 1975இல் தொடங்கிய பல்கலைக்கழக நீர் ஆய்வு நிறுவனம் இந்த நன்னீர்ப் படலத்தை ஆராய்ந்து வருகிறது. தீவின் குடிநீரில் பெரும்பகுதி இதிலிருந்தே கிடைக்கிறது.