பி.டி.எஸ் சீட்டை எடுப்பதா, மீண்டும் நீட் எழுதுவதா? முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

நீட் ரிசல்ட் வந்து கவுன்சிலிங் நெருங்கும்போது பல வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். எம்.பி.பி.எஸ் கட் ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே ரேங்க் நிற்கும். பி.டி.எஸ் கிடைக்கலாம் என்ற நிலை. "கிடைச்சதை எடுத்துக்கோ" என்பார் அப்பா. "இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தா எம்.பி.பி.எஸ்ஸே வந்துடும்" என்பார்கள் கோச்சிங் சென்டரில். பக்கத்து வீட்டுக்காரர், தன் அண்ணன் மகன் மூன்றாவது முறை எழுதி டாக்டரான கதையைச் சொல்வார். இவர்களில் யாருமே உங்கள் விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பேசுபவர்கள் இல்லை.

பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்ஸுக்கு நம் நாட்டில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ்ஸுக்கு எழுதும் அதே நீட்தான். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மீண்டும் எழுதலாமா என்று கேட்பவர்களில் சிலர், பல் டாக்டர் ஆக ஆசைப்பட்டு அந்த சீட்டும் கிடைக்காமல் போனவர்கள். வேறு சிலர், பி.டி.எஸ் சீட் கையில் இருந்தும் எம்.பி.பி.எஸ்தான் வேண்டும் என்பவர்கள். இந்த இரண்டு தரப்புக்கும் ஒரே பதில் பொருந்தாது.

எத்தனை முறை எழுதலாம்?

நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. அதிகபட்ச வயது வரம்பும் 2022ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளஸ் டூ தேர்வைத் திரும்ப எழுத வேண்டியதும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ், பி.டி.எஸ் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டுமே செல்லும். இரண்டு முறை எழுதினால் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த வருஷம் 480 எடுத்தவர் அடுத்த வருஷம் 430 எடுத்தால், 430 மட்டும்தான் கணக்கு. இன்று கிடைக்கிற பி.டி.எஸ் சீட் அடுத்த வருஷமும் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மார்க்கை விடுங்கள், ரேங்க் என்ன?

"எனக்கு 40 மார்க்தான் குறைஞ்சது, அடுத்த தடவை எடுத்துடுவேன்." ரிப்பீட்டர்கள் அதிகம் சொல்லும் கணக்கு இது. இந்தக் கணக்கு ஏன் தப்பாகிறது என்பதற்கு 2024, 2025 ஆகிய இரண்டு வருஷங்களே போதும்.

2024ல் மறு வெளியீட்டுக்குப் பிறகும் 17 பேர் 720க்கு 720 எடுத்திருந்தார்கள். 650க்கு மேல் எடுத்தவர்கள் மட்டுமே 30 ஆயிரத்துக்கும் அதிகம். அடுத்த வருஷம், 2025 மே 4ஆம் தேதி நடந்த தேர்வில் இயற்பியல் பகுதி மாணவர்களைத் திணறடித்தது. அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. 650க்கு மேல் எடுத்தவர்கள் மொத்தம் 73 பேர். பொதுப் பிரிவில் தகுதி பெறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் 162லிருந்து 144 ஆக இறங்கியது.

2024ல் 600 எடுத்தும் சீட் கிடைக்காமல், 'அடுத்த தடவை 650 எடுக்கணும்' என்று வீட்டில் உட்கார்ந்த ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். 2025ல் அவர் 560 எடுத்திருந்தால், மார்க் 40 குறைந்திருக்கும். ரேங்க் பல மடங்கு முன்னால் போயிருக்கும். வினாத்தாள் சுலபமாக வந்தால் இதுவே தலைகீழாகவும் நடக்கலாம். அதனால் 'எத்தனை மார்க் குறைந்தது' என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. தமிழ்நாடு தரவரிசைப் பட்டியலில், உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில், கடைசி சீட் எந்த ரேங்குக்குப் போனது, நீங்கள் எந்த ரேங்கில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் தரவரிசைப் பட்டியலும் சுற்று வாரியான ஒதுக்கீட்டுப் பட்டியலும் வெளியாகும். அதில் முதல் சுற்றைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். கடைசிச் சுற்று வரை பாருங்கள். சீட் மாறி மாறிப் போவதில் ரேங்க் கணிசமாக இறங்கும்.

கடைசி சீட் வாங்கியவருக்கும் உங்களுக்கும் நடுவில் சில நூறு பேர் என்றால் அது ஒரு வகை. பல ஆயிரம் பேர் என்றால் கதை வேறு. அதற்கு, படிக்கிற முறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

தப்பான விடைகளில்தான் பதில் இருக்கிறது

தேசியத் தேர்வு முகமை ஒவ்வொரு மாணவரின் ஓ.எம்.ஆர் தாளின் ஸ்கேன் படத்தையும் விடைக்குறிப்பையும் இணையத்தில் வெளியிடும். பெரும்பாலானோர் மொத்த மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். முடிவெடுக்க அதைவிட நல்ல ஆதாரம் வேறு இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு உதாரணம். மொத்தம் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க், தவறான விடைக்கு 1 மார்க் கழிவு. ஒருவர் 170 கேள்விக்கு விடை எழுதி, 125 சரி, 45 தப்பு என்றால், 500லிருந்து 45 போக 455. அந்த 45ல் 20 கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தாலே 475 வந்திருக்கும். அதே 20 கேள்வியைச் சரியாகப் போட்டிருந்தால் 555. ஒரு தப்பு விடை சரியாக மாறினால் 5 மார்க் கூடும்.

இப்போது அந்த 45 தப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் தப்பானது என்று பக்கத்தில் எழுதுங்கள். அவசரத்தில் கேள்வியைச் சரியாகப் படிக்காதது, 'பொருந்தாதது எது' என்று கேட்டதை 'பொருந்துவது எது' என எடுத்துக்கொண்டது, கூட்டல் கழித்தல் பிழை, தெரியாமலே குத்துமதிப்பாகப் போட்டது என்று பாதிக்கு மேல் வந்தால், பயிற்சியால் சரிசெய்ய நிறைய இடம் இருக்கிறது. மாறாக, இயற்பியலில் 45க்கு 12தான் சரி, பாடமே புரியவில்லை என்று வந்தால், அதே கோச்சிங்கில் அதே மெட்டீரியலோடு இன்னொரு வருஷம் உட்காருவதில் அர்த்தமில்லை. அந்தப் பாடத்தை அடிப்படையிலிருந்து யார் சொல்லித் தரப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

ஏற்கெனவே ஒரு வருஷம் முழுநேரமாக கோச்சிங் போனவருக்கும், பிளஸ் டூ பொதுத் தேர்வோடு சேர்த்து முதல் முறை எழுதியவருக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. முதல் முறை எழுதியவர் இன்னும் தன் முழு அளவைக் காட்டவில்லை என்று சொல்ல நியாயம் இருக்கிறது. இரண்டு முறை முழுநேரமாகத் தயாராகியும் ரேங்க் நகரவில்லை என்றால், மூன்றாவது முறை என்ன மாறப்போகிறது என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

கையில் இருப்பது எந்த சீட்?

பி.டி.எஸ் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அரசுக் கல்லூரி பி.டி.எஸ்ஸும் சுயநிதிக் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டு பி.டி.எஸ்ஸும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தமிழ்நாட்டில் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, 2023ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவை அரசிடம் இருப்பவை. இவற்றில் இடங்கள் குறைவு. பல் மருத்துவம் படிக்கவே விருப்பம் உள்ளவருக்கு இதில் ஒரு சீட் கிடைத்தால், அதைவிட்டு மீண்டும் நீட் எழுதுவதற்குக் காரணமே இல்லை என்பது நம் பார்வை.

6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதில் வரும் மாணவர்களுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதனால் சுயநிதி பி.டி.எஸ் என்றதும் செலவுக்குப் பயந்து விட்டுவிடத் தேவையில்லை.

கடினமான இடம், சுயநிதிக் கல்லூரி சீட் வாங்கியவர்களுடையது. டியூஷன் கட்டணம், ஹாஸ்டல், பல் மருத்துவக் கருவிகள் என்று மொத்தம் ஐந்து வருஷத்துக்கும் கணக்குப் போட வேண்டும். பி.டி.எஸ் என்பது 4 வருஷப் படிப்பு, ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. மேலே எம்.டி.எஸ் படிக்க வேண்டுமானால் நீட் எம்.டி.எஸ் தேர்வு, பிறகு 3 வருஷம். அரசுப் பணியிடங்கள் எம்.பி.பி.எஸ் முடித்தவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. படித்து முடித்ததும் இன்னொருவர் கிளினிக்கில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு சொந்த கிளினிக் வைப்பதுதான் பலரின் பாதை. நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே என்று அதற்குத் தனி முதலீடு. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் கைவேலை நுணுக்கம் பிடிக்கும், பல் மருத்துவம்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் சேரலாம். 'டாக்டர்னு பேருக்கு முன்னாடி போட்டுக்கலாமே' என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தால், இரண்டாம் வருஷமே அலுப்பு தட்டிவிடும்.

சேர்ந்துகொண்டே தயாராகலாமா?

பி.டி.எஸ் சேர்ந்துவிட்டு, படித்துக்கொண்டே நீட்டுக்கும் தயாராகிறேன் என்பது பலருக்குப் பாதுகாப்பான நடுவழியாகத் தெரியும். முதல் வருஷத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கும் பயிற்சிக்கே மணிக்கணக்கில் போகும். 75 சதவீத வருகைப் பதிவும் வேண்டும். இதற்கு நடுவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியலைத் திரும்பப் படிக்க வேண்டும். ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கோட்டை விட்டு, முதல் வருஷத் தேர்வில் அரியர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரேங்க் மிக நெருக்கத்தில் இருந்து, தப்புகள் எல்லாம் கவனக் குறைவால் வந்தவை என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

எப்போது முடிவெடுப்பது?

2025ல் நீட் முடிவு வந்தது ஜூன் 14ஆம் தேதி. அடுத்த தேர்வு வழக்கமாக மே முதல் வாரம். ஜூன் மாதமே முடிவெடுப்பவருக்குப் பத்து மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. கவுன்சிலிங் சுற்றுகள் அக்டோபரைத் தாண்டியும் இழுக்கும். 'ஒவ்வொரு ரவுண்டா பார்ப்போம், கிடைக்கலைனா படிப்போம்' என்று காத்திருந்தால் கடைசியில் மிஞ்சுவது ஆறு மாதம்தான். ரேங்க் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் கவுன்சிலிங் நடக்கும்போதே படிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது. சீட் கிடைத்துவிட்டால் படித்தது நஷ்டமில்லை.

வீட்டுச் சூழலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோச்சிங்குக்கு வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறதா? பெண் பிள்ளை என்றால் 'ஒரு வருஷம் வீணா வீட்டுல இருக்கா' என்று உறவுக்காரர்கள் கேட்பதைத் தாங்கிப் பிடிக்க அம்மா அப்பா தயாரா? ஒரு வருஷம் முழுக்கத் தனியாகப் படிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. தூக்கம் கெடுகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை, யாரிடமும் பேசத் தோன்றவில்லை என்றால் தள்ளிப்போடாமல் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசுங்கள். இரண்டுமே கட்டணமில்லா சேவை. பிள்ளை கேட்காவிட்டாலும் பெற்றோர் அழைக்கலாம்.

கவுன்சிலிங் விதியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்

மீண்டும் எழுதுவது என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு, 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று கடைசிச் சுற்றில் கல்லூரிகளைத் தேர்வு செய்பவர்கள் உண்டு. இது ஆபத்து. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் கவுன்சிலிங் நடத்தும் எம்.சி.சியின் விதிப்படி, முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் இழப்பின்றி வெளியேறலாம். இரண்டாம் சுற்றில் வெளியேறினால் வைப்புத்தொகை போய்விடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தொகை 2 லட்சம் ரூபாய். மூன்றாம் சுற்றில் சேர்ந்துவிட்டால் ராஜினாமா செய்ய முடியாது. அதற்குப் பின் வரும் காலியிடச் சுற்றில் சீட் ஒதுக்கப்பட்டும் சேராவிட்டால், பணம் போவதோடு அடுத்த வருஷ நீட் எழுதவே தடை வரும். மீண்டும் எழுதத் திட்டமிட்டவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

மாநில ஒதுக்கீட்டுக்கு விதிகள் தனி. படிப்பைப் பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் விலகலாம், ஏற்கெனவே ஒரு கல்லூரியில் படிப்பவர் அடுத்த வருஷ கவுன்சிலிங்குக்கு வரலாமா என்பதெல்லாம் தேர்வுக் குழு அந்தந்த ஆண்டு வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். போன வருஷம் சீனியர் சொன்னதை நம்பாமல் இந்த வருஷக் குறிப்பேட்டைத் திறந்து படியுங்கள். கல்லூரியில் சேரும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரிஜினலாகக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நகல் எடுத்து சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழையும் ஓ.எம்.ஆர் படத்தையும் போனில் மட்டும் வைக்காமல் மெயிலிலும் சேமித்து வையுங்கள்.