கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எத்தனை படிகள்?



பொத்துவில், அறுகம்பே தொடக்கம் கல்முனை, மருதமுனை வரை நமது கரையோரத்தில் ஸ்கேனரும் பிரின்டரும் வைத்துக் கடை நடத்துகின்றவர்கள் அனேகம் பேர் இருக்கின்றோம். இந்த வாரம் எழுதுவது அவர்களுக்கு. மற்றவர்களும் வாசிக்கலாம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடக்கத்தான் செய்யும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது நமது அம்பாறை மாவட்டம் இழந்த உயிர்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளோடு அல்பங்களும் போயின. ஆகவே தப்பிய ஒரு படத்துக்கு நமது பகுதியில் இருக்கின்ற மதிப்பு வேறு. (படம் வைத்திருப்பது கூடுமா, கூடாதா என்பதை உலமாக்கள் பேசட்டும். மௌத்தான வாப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று வருகின்றவரிடம் நான் அந்த விவாதத்தைத் தொடங்குவதில்லை.)

சில வருடங்களுக்கு முன்னர் வயதான தாய் ஒருவர் தனது மகனுடன் எனது கடைக்கு வந்தார். கையில் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் அளவில் ஒரு படம். உறவினர் வீடொன்றில் இருந்ததால் தப்பியது. ஆனால் வெளிறிப்போய், தொப்பி எது, நெற்றி எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தது.

"தம்பி, எங்கட வாப்பாட முகத்தக் கொஞ்சம் தெளிவாக்கித் தாங்க. சுவர்ல மாட்டோணும்" என்றார்.

நான் வழமைபோல ஸ்கேன் செய்தேன். புள்ளிகள் தெரியாமல் இருக்க முதலில் படத்தை மெழுகினேன். பிறகு போட்டோஷொப்பில் லெவல்ஸைத் திறந்து இரண்டு பக்க அம்புகளையும் உள்ளே இழுத்தேன். முகம் பளிச்சென்று வந்தது. சந்தோஷப்பட்டு 12க்கு 18 அளவில் பிரின்ட் எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, கன்னத்திலும் நெற்றியிலும் வரி வரியாகப் படிகள், கடல் வற்றும்போது மணலில் விழுகின்ற கோடுகள் போல. மகன், "பரவாயில்ல காக்கா" என்று காசைத் தந்துவிட்டுப் போனார். ஒரிஜினல் படத்தைப் பேர்சில் வைத்துக்கொண்டு கட்டாருக்கும் போய்விட்டார். பின்னர் ஒரு கத்தத்துக்கு அந்த வீட்டுக்குப் போனபோது சுவரில் அதைப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

எங்கே பிழைத்தது? ஸ்கேனர் சாதாரணமாகத் தருகின்ற கறுப்பு வெள்ளைப் படம் 8 பிட். அதில் முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் இடையே, 0 முதல் 255 வரை, 256 படிகள்தான் இருக்கின்றன. நல்ல படத்துக்கு அது போதும். வெளிறிய படமோ அந்த ஏணியின் நடுவில் ஒரு துண்டை மட்டுமே பாவிக்கும். 110ஆம் படியிலிருந்து 169ஆம் படி வரை என்று வையுங்கள். கையில் இருப்பது 60 படிகள். அதை 0 முதல் 255 வரை இழுத்து விரிக்கும்போது புதிய படிகள் பிறப்பதில்லை. ஒவ்வொரு படிக்கும் இடையில் மூன்று நான்கு படி அகலத்தில் ஓட்டை விழுகின்றது. லெவல்ஸ் பெட்டியில் தெரியும் அந்த மலை போன்ற வரைபடம் பல் உடைந்த சீப்பு மாதிரி ஆகிவிட்டால் நடந்தது இதுதான். பழைய படத்தின் பொடிப் புள்ளிகள் இருந்திருந்தால் இந்தப் படிகளை ஓரளவு மறைத்திருக்கும். நான் அதையும் முதலிலேயே மெழுகிவிட்டேன்.

16 பிட்டில் ஸ்கேன் செய்தால் அதே ஏணியில் 65,536 படிகள். வெளிறிய அந்தத் துண்டுக்குள் மட்டும் 15,360 படிகள் வரும். போட்டோஷொப் தனக்குள்ளே 0 முதல் 32,768 வரைதான் எண்ணுகின்றது. அப்படிப் பாதியாகக் குறைந்தாலும் ஏழாயிரத்துக்கு மேல் மிஞ்சும்.

"கண்ணுக்கும் பிரின்டருக்கும் 256 படி போதும் என்றால் ஏன் இவ்வளவு?" என்று கேட்பீர்கள். நமது பில் புத்தகத்தை எடுங்கள். 20 சாமான்கள். ஒவ்வொரு வரியிலும் 40 சதத்தை விட்டுவிட்டுக் கூட்டினால் கடைசியில் 8 ரூபா காணாமல் போயிருக்கும். சதத்தோடு கூட்டி, மொத்தத்தை மட்டும் ரூபாவுக்கு மட்டமாக்கினால் ஒன்றும் குறையாது. வாடிக்கையாளர் தருவது எப்படியும் ரூபாதான். 16 பிட் என்பது சதத்தோடு கணக்குப் போடுவது. 8 பிட்டுக்கு மாற்றுவதைக் கடைசி வேலையாக வையுங்கள்.

ஸ்கேனர் மென்பொருளில் 16 பிட் கிரேஸ்கேல் என்பதைத் தெரிவு செய்யுங்கள். நல்ல போட்டோ ஸ்கேனர்கள் எல்லாவற்றிலும் அது இருக்கின்றது, நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. தானாகத் திருத்தும் வசதிகளை நிறுத்திவிடுங்கள். சிறிய படமென்றால் 1200 டீபீஐ. சேமிப்பது டிஃப் கோப்பாக. ஜேபெக்கில் சேமித்தால் 8 பிட்டுக்கு இறங்கிவிடும், பட்ட பாடு வீண். அந்தத் தாய் கொண்டுவந்த அளவுப் படம் 8 பிட்டில் ஏறக்குறைய 8.6 எம்பீ, 16 பிட்டில் 17.3 எம்பீ. இன்றைய ஹார்ட் டிஸ்குகளுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?

இதில் ஒரு பொறி இருக்கின்றது. 8 பிட்டில் ஸ்கேன் செய்துவிட்டு, போட்டோஷொப்பில் மோட் என்ற இடத்துக்குப் போய் 16 பிட்டுக்கு மாற்றினால், இனிமேல் செய்கின்ற வேலைக்குத்தான் சதம் கிடைக்கும், ஏற்கனவே விட்ட சதம் திரும்பி வராது. வட்ஸ்அப்பில் அனுப்புகின்ற படமும் அப்படித்தான். ஒரிஜினலைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

போட்டோஷொப்புக்குக் காசு கட்ட முடியாதவர்கள் திருட்டு சீடி தேடத் தேவையில்லை. நாம் ஹலால், ஹறாம் பேசுவது சாப்பாட்டோடு முடிந்துவிடக் கூடாது. கிம்ப் என்ற இலவச மென்பொருள் 2018 இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட்டிலும் 32 பிட்டிலும் வேலை செய்கின்றது. அதற்கு முந்திய பதிப்புகளில் 8 பிட் மட்டுமே.

கறை படிந்த படமென்றால் 48 பிட் கலரில் ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று செனல்களையும் தனித்தனியே பாருங்கள். மஞ்சள், தவிட்டுக் கறை சிவப்புச் செனலில் மங்கிவிடும். உருவமே மஞ்சளாகி வெளிறியிருந்தால் மாறாக நீலச் செனலில்தான் அது அதிகம் தெரியும். எது நல்லதோ அதைக் கிரேஸ்கேலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செனலும் 16 பிட்தான்.

எல்லாவற்றுக்கும் இது வேண்டாம். அடையாள அட்டைப் படத்துக்கும் போட்டோகொப்பிக்கும் 8 பிட் தாராளம். கடதாசியில் அறவே அழிந்துபோனதை எந்தப் பிட்டும் கொண்டுவராது. அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அறுகம்பேயில் விடுதி நடத்தும் சகோதரர்கள் சுவருக்குப் பெரிய கறுப்பு வெள்ளைக் கடற்படம் கேட்கின்றார்கள். அங்கும் இதே வரிகள் வானத்தில் விழும். கெமராவின் ரோ கோப்பில் பொதுவாக 12 அல்லது 14 பிட் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, 16 பிட்டில் திறந்து வேலை செய்யுங்கள்.

அந்த மகன் இரண்டு வருடங்களுக்குப் பிறகு லீவில் வந்தார். கேள்விப்பட்டதும் நானே வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கேட்டு வாங்கி வந்து, 16 பிட்டில் ஸ்கேன் செய்து, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வேலை செய்தேன். புதிய பிரின்டைத் தாயின் கையில் கொடுத்தபோது ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். "வாப்பாட தாடி நரைச்சிருந்தது எனக்கு மறந்தே போச்சு தம்பி" என்றார்.

கூடப்பிறந்தவர்களுக்கென்று இன்னும் ஐந்து கொப்பி கேட்டார். முதல் படத்துக்கு வாங்கிய காசைக் கழித்துவிட்டுத்தான் பில் போட்டேன்.