ஊசித்துளை அளவு நெருப்பு

ஐந்து காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் பீர் வேண்டுமென்றால் 25, 26 லிட்டர் சாற்றை அடுப்பில் ஏற்றவேண்டும். அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது வழக்கமான அளவு. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு வடித்தெடுத்த இனிப்புச் சாறு அது, வோர்ட் என்பார்கள். அதை ஒரு மணி நேரம், சில வகைப் பீருக்கு ஒன்றரை மணி நேரம், தளதளவென்று கொதிக்கவிடவேண்டும். சமையலறை அடுப்பில் ஏற்றினால் இரண்டு மணி நேரம் கழித்தும் பாத்திரத்தின் ஓரத்தில் நாலு குமிழிதான் வரும். அதனால் ஆட்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தார்கள். வந்த இடத்தில் ஒரு கேள்வி காத்திருந்தது: எந்த அடுப்பு, எந்த ரெகுலேட்டர்?

கடையில் அடுப்புப் பெட்டிகளின்மேல் 55,000, 1,00,000, 2,00,000 என்று எண்கள் கொட்டை எழுத்தில் மின்னும். ஒரு மணி நேரத்தில் அடுப்பு தரும் வெப்பத்தை பி.டி.யு. என்ற பழைய பிரிட்டிஷ் அலகில் சொல்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து அடுப்பு வாங்குவது, வாங்குகிறவர் செய்யக்கூடிய வேலைகளிலேயே பயன் குறைந்தது என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வீட்டில் பீர் காய்ச்சும் பழக்கத்தின் வயதைச் சொல்லிவிடலாம். 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கியபோது, வீட்டில் ஒயின் தயாரிக்க அமெரிக்கச் சட்டத்தில் இடம் கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், அடுத்த பிப்ரவரியிலிருந்து அந்தக் குறையைத் தீர்த்தது. வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், இருவர் இருக்கும் வீட்டில் 200 காலன், விற்பனை கூடாது. அதே 1978-இல் கொலராடோ மாநிலம் போல்டரில் வீட்டுப் பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைத்த சார்லி பபாஸியன், அணுப் பொறியியல் படித்தவர். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. நம்மூரில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாமல் எந்த மதுவையும் தயாரிக்க விடாது. ஆனால் இந்த அடுப்பின் இயற்பியல் கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் சாம்பார் அண்டாவுக்குக் கீழே உறுமும் அடுப்புக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்குக்கு வருவோம். 26 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8.7 மெகாஜூல் வெப்பம் தேவை. கொதி வந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் 4 லிட்டர் ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கு 9 மெகாஜூல். கொதிக்கவைக்க ஆன செலவைவிடக் கொதியைத் தக்கவைக்க ஆகும் செலவு சற்றே அதிகம்! தண்ணீரை ஆவியாக்குவது அவ்வளவு விலைபிடித்த வேலை.

அப்படியென்றால் மூடி போட்டுச் சிறுதீயில் வைத்தால் என்ன? கூடாது. பார்லி முளையில் இருக்கும் ஒரு கந்தகச் சேர்மம் சூட்டில் உடைந்து, டைமெத்தில் சல்பைடு என்ற ஆவியைத் தந்துகொண்டே இருக்கிறது. அது வெளியேறாவிட்டால் பீரில் வேகவைத்த சோளத்தின் வாடை நிற்கும். மூடியைத் திறந்து வைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆவியோடு அதையும் விரட்டவேண்டும். பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் அமிலங்களும் நெடுநேரக் கொதியில்தான் உருமாறிச் சாற்றில் கரைகின்றன; புரதங்கள் திரிந்து அடியில் படிகின்றன. அதே சமயம், தீயை எவ்வளவு கூட்டினாலும் கொதிக்கும் சாற்றின் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கும் போல்டரில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அடுப்பு எவ்வளவு பெரிதானாலும் அதைத் தாண்ட முடியாது.

திறந்தவெளி அடுப்பில் எரிவாயுவின் வெப்பத்தில் பாதிகூடப் பாத்திரத்துக்குள் போவதில்லை. தாராளமாக 40 விழுக்காடு போகிறது என்று கொள்வோம். அரை மணியில் கொதி வரவேண்டுமானால் அடுப்பு 12 கிலோவாட் தரவேண்டும்; அதாவது 41,000 பி.டி.யு. கொதியைத் தாங்கிப் பிடிக்க அதில் பாதி போதும். வீட்டுச் சமையலறையின் 10,000 பி.டி.யு. பர்னர் ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஐந்து காலனுக்கு 60,000 பி.டி.யு. அடுப்பு தாராளம். 2,00,000 என்று எழுதியதை வாங்கினால் மிச்ச நெருப்பு பாத்திரத்தின் விலாவை நக்கிக்கொண்டு மேலே போகும். கைப்பிடி பழுக்கும், வானம் சூடாகும்.

ஆனால் 60,000 என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது? வார்ப்பிரும்பு பர்னரிலிருந்து வருவதில்லை. பர்னருக்கு முன்னால், குழாயின் வாயில், பித்தளையில் ஒரு ஜெட் இருக்கும். அதிலுள்ள துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அடுப்பின் வெப்பத்தைத் தீர்மானிப்பவை இரண்டே இரண்டு: அந்தத் துளையின் பரப்பு, அதன் பின்னால் நிற்கும் அழுத்தம். பெட்டியின்மேல் எண்ணைப் போட்டவர் எந்த அழுத்தத்தில் அளந்தார் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பல பெட்டிகள் சொல்வதில்லை.

அழுத்தத்தைத் தருவது ரெகுலேட்டர். 20 டிகிரி வெயிலில் நிற்கும் சிலிண்டருக்குள் புரொப்பேன், வெளிக்காற்றைவிட 7 பார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது. சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் இது மாறாது. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவுசெய்வது வெப்பநிலை மட்டுமே. நம் வீட்டுச் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர் உள்ளிருக்கும் அழுத்தத்தை 0.03 பாருக்கு இறக்குகிறது. அமெரிக்க வீட்டு அடுப்புகளுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அவர்கள் கணக்கில் அது 0.4 பி.எஸ்.ஐ. கொல்லைப்புற அடுப்புகளுக்கு வருபவை உயர் அழுத்த ரெகுலேட்டர்கள்: திருகைத் திருப்பி 0 முதல் 10 வரை, 20 வரை, 30 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிக்கொள்ளலாம்.

அதன் உள்ளமைப்பு எளிது. நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. மேலே ஒரு ஸ்பிரிங், கீழே சவ்வோடு இணைந்த ஒரு வால்வு. வெளியே போகும் வாயுவின் அழுத்தம் கூடினால் அது சவ்வை மேலே தள்ளி வால்வை ஒடுக்குகிறது. குறைந்தால் ஸ்பிரிங் சவ்வைக் கீழே அழுத்தி வால்வைத் திறக்கிறது. திருகைத் திருப்பும்போது நாம் ஸ்பிரிங்கைத்தான் இறுக்குகிறோம். சவ்வுக்கு மேலே காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. மழைநீரோ மண்ணோ புகாதபடி அதைக் கீழ்நோக்கி வைக்கச் சொல்வார்கள். அது அடைத்துக்கொண்டால் சவ்வு தன் கடமையை மறந்துவிடும்.

இங்கேதான் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் வருகிறது. அழுத்தத்தை நாலு மடங்காக்கினால் துளைவழியே போகும் வாயு இரண்டு மடங்குதான் ஆகும். 0.4-இலிருந்து 10 பி.எஸ்.ஐ.க்குப் போவது 25 மடங்கு ஏற்றம். நெருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்குதான். பத்தைத் தாண்டும் இடத்தில் கதை மாறுகிறது. துளைக்குள் புரொப்பேன் தன் ஒலி வேகத்தைத் தொட்டுவிடுகிறது: நொடிக்குச் சுமார் 240 மீட்டர். அதற்குமேல் வாயுவால் அந்தத் துளையில் வேகமாக ஓட முடியாது. அழுத்தத்தை ஏற்றினால் வாயு அடர்த்தியாகும், அதே வேகத்தில் போகும். காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 10 பி.எஸ்.ஐ.யிலிருந்து 30-க்குப் போகிறவருக்குக் கிடைப்பது 1.8 மடங்கு நெருப்பு. மூன்று மடங்கு என்று நம்பி வாங்கியவர் ஏமாந்துதான் போவார்.

துளையின் கணக்கு வேறு. விட்டத்தை 1 மில்லிமீட்டரிலிருந்து 1.4-ஆகப் பெரிதாக்கினாலே வாயு இரட்டிப்பாகும். இது தெரிந்த சிலர் துரப்பண ஊசியை எடுத்துக்கொண்டு ஜெட்டைக் குடையக் கிளம்பிவிடுகிறார்கள். ஜெட்டின் வேலை வாயுவை விடுவது மட்டுமில்லை, காற்றை இழுப்பதும்தான் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாய் எரிய 24 பங்கு காற்று வேண்டும். இந்தக் காற்றை ஊதித் தள்ள மின்விசிறி எதுவும் கிடையாது. சீறிப் பாயும் வாயுதான் பக்கத்திலுள்ள காற்றைத் தன்னோடு குழாய்க்குள் இழுத்துச் செல்கிறது. அதில் தேவையான காற்றில் பாதியளவு கிடைக்கும், மீதியைச் சுடர் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். துளை பெரிதாகி வாயு மட்டும் கூடினால் காற்று பற்றாமல் சுடர் மஞ்சளாகும். மஞ்சள் நிறம் எரியாத கரித்துகள் தகிப்பதால் வருவது; அண்டாவின் அடியில் அதுவே கரியாகப் பிடிக்கிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. புரொப்பேன் கலவையில் நெருப்பு பரவும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. பர்னரிலிருந்து கலவை அதைவிட மிக வேகமாக வெளியேறினால் சுடர் துளைகளை விட்டு எழும்பும், அந்தரத்தில் ஆடும், பிறகு அணைந்தும் போகும். எரியாத வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையிலேயே தேங்கும். 10 பி.எஸ்.ஐ.க்கு வடிவமைத்த பர்னருக்கு 30-ஐ மாட்டுவதில் உள்ள சிக்கல் இதுதான். வீட்டு அடுப்புக்கு உயர் அழுத்த ரெகுலேட்டரை மாட்டுவது அதைவிட மோசம். அதன் டியூபும் குமிழும் அந்த அழுத்தத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. ஆகவே பர்னர், ஜெட், ரெகுலேட்டர் மூன்றும் ஒரே தயாரிப்பாளர் சொல்லும் தொகுப்பாக இருக்கட்டும். தனித்தனியே வாங்கிச் சேர்ப்பதில் மிச்சமாகும் பத்து டாலருக்கு இந்தத் தலைவலி ஏன்?

பர்னர் வகைகளில் எனக்குப் பிடித்தது பாஞ்சோ என்று அழைக்கப்படும் அகலமான வார்ப்பிரும்பு வட்டம். நெருப்பைப் பரப்பித் தருவதால் அடிப்பிடிப்பது குறைவு, சத்தமும் அடக்கம். ஒற்றை ஜெட்டாகச் சீறும் வகை விலை மலிவு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். வான்கோழியை எண்ணெயில் பொரிக்க விற்கும் அடுப்புகளை வாங்கி ஏமாந்தவர்கள் பலர். எண்ணெய் தீப்பிடிக்காமலிருக்க, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தாவிட்டால் தானே அணைந்துவிடும் ஏற்பாடு அவற்றில் பலவற்றில் உண்டு. வான்கோழிக்கு நல்லது, ஒன்றரை மணி நேரக் கொதிக்கு இம்சை.

எதை வாங்கினாலும் பர்னருக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் ஒரு ஊசி வால்வு இருக்கவேண்டும். வோர்ட் கொதிவரும் நேரத்தில் பாலைப் போல நுரைத்துப் பொங்கும். ரெகுலேட்டரைத் தேடி ஓடி அதன் திருகைத் திருப்புவதற்குள் கால்வாசி தரையில் இருக்கும்.

வீட்டுப் பீர்க்காரர்களின் சங்கம் புதியவர்களுக்குக் கற்றுத்தர வைத்திருக்கும் நாள், நவம்பரின் முதல் சனிக்கிழமை. அமெரிக்காவின் வடபாதி அப்போது குளிரத் தொடங்கியிருக்கும். அந்தக் குளிரில் எந்த வாயு என்பது முக்கியம். நம் சமையல் வாயுவில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித் திரவமாகவே நின்றுவிடும். அங்கே விற்பது குறைந்தது 90 விழுக்காடு புரொப்பேன். மைனஸ் 42 டிகிரி வரை அது ஆவியாகும். ஆனாலும் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்து, பிறகு வெண்பனி பூக்கும். திரவம் ஆவியாக வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே உறிஞ்சுவதால் உள்ளே குளிர்கிறது, அழுத்தம் இறங்குகிறது, தீ ஒடுங்குகிறது. நம்மூர் சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவதன் காரணமும் அதுதான். சிலிண்டரைப் படுக்கவைப்பது மட்டும் வேண்டாம். ஆவி போகவேண்டிய வழியில் திரவம் போய்விடும். 60,000 பி.டி.யு. அடுப்புக்கு, பாதி நிறைந்த 9 கிலோ சிலிண்டர் ஒரு காய்ச்சலுக்குத் தொல்லை தராது. ஐந்து காலனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயுதான் செலவு.

கதவைத் திறந்துவைத்த கராஜ் திறந்தவெளி ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புரொப்பேனில் கலக்கும் கந்தக நெடி, கசியும் வாயுவைக் காட்டுமே தவிர எரிந்த வாயுவைக் காட்டாது. குளிர்காலம் முழுக்க மூலையில் கிடந்த அடுப்பை வசந்தத்தில் எடுத்தால் காற்றுக் குழாய்க்குள் ஒரு கம்பித் தூரிகையை விட்டுப் பாருங்கள். சிலந்திகளுக்கு அந்தக் குழாய் மிகவும் இஷ்டமான இடம். 2011-இல் மாஸ்டா நிறுவனம், பெட்ரோல் தொட்டியின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டுகிறது என்று ஆயிரக்கணக்கான கார்களையே திரும்ப அழைத்தது.

இத்தனையும் பார்த்து வாங்கி, மாட்டி, பற்றவைத்த பிறகு சுடர் மெழுகுவர்த்தி அளவில் நின்றால் அடுப்பைத் திட்டவேண்டாம். அமெரிக்கச் சிலிண்டர்களின் புதிய வகை இணைப்பில் ஒரு காவல் வால்வு உண்டு. வாயு திடீரென்று பாய்ந்தால், டியூப் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது வழியை அடைத்து, ஒரு நூலிழை அளவு மட்டும் விடும். அடுப்பு வால்வைத் திறந்து வைத்துவிட்டுச் சிலிண்டரைச் சட்டென்று திறந்தால் அதுதான் நடக்கிறது. எல்லாவற்றையும் மூடுங்கள், டியூபைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள், சிலிண்டரை மெதுவாகத் திறங்கள், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் அடுப்பு வால்வைத் திறந்து பற்றவையுங்கள்.