வெகுசனச் சந்தையும் சிறுபான்மைச் சுவையும்: வீடியோ விளையாட்டுத் துறையில் சோனி நிறுவனம் பற்றிய ஒரு நோக்கு

கலையாக்கங்கள் பண்டங்களாக உற்பத்தி செய்யப்படும் சமுதாயத்தில், எத்தகைய ஆக்கம் எவருக்காகத் தோன்றுகின்றது என்னும் வினா ஆக்குவோனின் உளப்பாங்கை மட்டும் பொறுத்ததன்று. அச்சியந்திரத்தோடும் சஞ்சிகைகளோடும் நாவலும் சிறுகதையும் எவ்வாறு பிணைந்து வளர்ந்தன என்பதை இலக்கிய மாணவர் நன்கறிவர். எனினும் அதே வினாவை வீடியோ விளையாட்டைக் குறித்து எழுப்புவதற்கு நம்மிடையே ஒருவிதத் தயக்கம் நிலவுகின்றது. கோடிக்கணக்கான மக்களின் ஓய்வுநேரத்தை ஆட்கொள்ளும் ஒரு வடிவத்தைச் சிறுவர் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவது, ஒருகாலத்தில் நாவலைப் புறக்கணித்த பண்டிதரின் போக்கினை ஒத்ததாகும்.

விளையாட்டுக் கருவியை உற்பத்தி செய்யும் நிறுவனம் இரட்டை நிலையில் உள்ளது. சொந்தமாக விளையாட்டுகளை வெளியிடும் அதே வேளையில், தன் கருவிக்கெனப் பிறர் ஆக்கும் விளையாட்டுகளின் விற்பனையிலும் அது ஒரு பங்கினைப் பெறுகின்றது. நிலவுடைமையாளன் குத்தகை பெறுவதை இஃது ஒத்தது. இதனாலேயே கருவியை நட்டத்திற்கு விற்பதும் சாத்தியமாகின்றது. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 இதற்குத் தக்க சான்று. குத்தகை பெறுவோனுக்கு நிலத்தில் பலவகைப் பயிர்களும் விளைதல் நன்மையே. ஆனால் எவ்வளவு பல்வகைமை இயலும் என்பதை உற்பத்திச் சாதனமே பெரிதும் வரையறுக்கின்றது.

1980களில் நின்டென்டோ நிறுவனத்தின் கருவிக்கு விளையாட்டு வெளியிடுவோர், அந்நிறுவனமே தயாரித்த பேழைகளை முற்பணம் செலுத்திப் பெறவேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளையே வெளியிடலாம் என்னும் விதியும் இருந்தது. விலைபோகாத பேழை வெளியீட்டாளரின் நட்டம். இந்நிலையில் ஒருசிலருக்கென ஒரு விளையாட்டை ஆக்குவது அறிவீனமாகும். 1994இல் யப்பானில் பிளேஸ்டேஷன் கருவி இறுவட்டினைக் கொண்டுவந்தது. இறுவட்டு மலிவானது, சிறுதொகையாக அச்சிட்டு, தேவை எழும்போது விரைவில் மீண்டும் அச்சிடக்கூடியது. கடதாசிபோல் தட்டையான நாயொன்று ராப் பாடும் ‘பரப்பா த ரப்பர்’ (1996), உரையாடல் அருகிய ‘இக்கோ’ (2001) போன்ற விநோத ஆக்கங்களுக்கு இம்மாற்றமே இடமளித்தது. தொழில்நுட்பமே யாவற்றையும் நிர்ணயித்தது என்பதன்று இதன் பொருள். புதிதாக நுழைந்த சோனிக்குப் பழைய ஏகபோகத்தை உடைக்கவேண்டிய தேவையும் இருந்தது.

சிறுபான்மைச் சுவை, வெகுசனச் சுவை என்னும் பாகுபாட்டின் உண்மை இயல்பை ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்னும் விளையாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. சோனியின் யப்பான் ஸ்ரூடியோவுடன் இணைந்து ஃபுரொம்சொஃப்ட்வெயர் என்னும் சிறு நிறுவனம் இதனை ஆக்கியது. தோல்வியுற்றதெனக் கருதப்பட்ட இத்திட்டத்தை மியாசாக்கி ஹிடெற்றாக்கா பொறுப்பேற்றார். ஏற்கெனவே தோற்ற ஒன்று மீண்டும் தோற்பின் எவரும் கவலைப்படார் என்பதே தமக்குக் கிட்டிய சுதந்திரம் எனப் பின்னர் அவர் கூறியுள்ளார். மூலதனம் கைவிட்ட இடத்திலேதான் கலைஞனுக்குக் கை கிடைத்தது. விளையாடுவோன் மீண்டும் மீண்டும் மடிந்து, மடிதலினூடாகவே கற்றுக்கொள்ளும் கடுமை அதன் உயிர்நாடி. சோனியின் விளையாட்டு ஆக்கப் பிரிவின் தலைவராயிருந்த யொஷிடா ஷுஹேய், ஏறத்தாழ இரண்டு மணிநேரம் விளையாடிப் பார்த்து இது மோசமான விளையாட்டு என முடிவு செய்ததைப் பின்னாளில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். 2009 பெப்ரவரியில் யப்பானில் வெளியிட்ட சோனி, மேனாடுகளில் அதனை வெளியிடவில்லை. மேனாட்டுச் சுவைஞர் ஆசியப் பதிப்பினைத் தருவித்து விளையாடினர். அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனமும், 2010இல் ஐரோப்பாவில் நம்கோ பண்டாய் நிறுவனமும் அதனை வெளியிட்டன.

பின் நிகழ்ந்தது அறிந்ததே. 2011இல் அதே ஆக்குவோரின் ‘டார்க் சோல்ஸ்’ சோனியின் போட்டியாளரது கருவியிலும் வெளிவந்தது. 2022இல் வெளிவந்த ‘எல்டன் ரிங்’ ஓராண்டிற்குள் 20 மில்லியன் பிரதிகள் விற்றது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 அறிமுகமானபோது, சோனி தான் ஒதுக்கிய அதே ‘டீமன்ஸ் சோல்ஸை’ மீளாக்கம் செய்து முன்வரிசையில் நிறுத்தியது. 2022இல் ஃபுரொம்சொஃப்ட்வெயரின் பங்குகளில் 14 சதவீதத்தையும் வாங்கியது.

இதனை ஒரு நிர்வாகியின் தவறென விளக்குவது மேம்போக்கானது. ‘சிறுபான்மைச் சுவை’ என்பது மாந்தரின் இயல்பான குணமன்று. விநியோகம் எட்டாத வாசகர்க்குச் சந்தை சூட்டும் பெயர் அது. வெகுசனம் விரும்புவது தரம் குன்றியது என்போரும், ஒருசிலர் விரும்புவதே கலை என்போரும் ஒரே தவற்றின் இரு முனைகளில் நிற்கின்றனர். நமது விமரிசகருட் சிலரும் இதற்கு விலக்கல்லர். கடினமான ஓர் ஆக்கத்தைக் கோடிக்கணக்கானோர் விரும்பக்கூடும் என்பதை மெய்ப்பிக்கும் பணியினை ஆக்குவோரும், சிறு வெளியீட்டாளரும், சொந்தச் செலவில் பிரதிகளைத் தருவித்த சுவைஞருமே ஆற்றினர். அதற்கான அபாயத்தைச் சுமந்தோரும் அவர்களே. பெருநிறுவனம் பின்னர் விலைகொடுத்து நுழைந்தது. வணிக ஏடுகள் ‘சமநிலை’ எனப் போற்றுவது பெரும்பாலும் இந்தத் தொழிற்பிரிவினையையே.

அண்மைக் காலத்தில் இச்சமநிலையும் குலைந்துவருகின்றது. 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்ட ஆவணங்களின்படி ‘த லாஸ்ற் ஒஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தின் ஆக்கச் செலவு ஏறத்தாழ 220 மில்லியன் டொலர். இத்தகைய செலவுக்குப் பின் எவரையும் அந்நியப்படுத்தாத விளையாட்டே வேண்டப்படும். ஆயின் பாதுகாப்பெனக் கருதப்படுவதும் பாதுகாப்பன்று: 2024 ஓகஸ்ட் 23இல் வெளிவந்த ‘கொன்கோர்ட்’ இரண்டே வாரத்தில் விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டது; அதனை ஆக்கிய ஸ்ரூடியோவும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.

விநோத ஆக்கங்களின் விளைநிலமாயிருந்த யப்பான் ஸ்ரூடியோ 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. எஞ்சியது அசோபி என்னும் குழு. ஏறத்தாழ 60 பேர் கொண்ட அக்குழு ஆக்கிய ‘அஸ்ரோ பொட்’ 2024இன் சிறந்த விளையாட்டிற்கான விருதினை வென்றது. சிதறிக்கிடக்கும் சிறு ரோபோக்களைத் தேடி மீட்பதே அதன் கதை. அவற்றுட் பல, கலைக்கப்பட்ட ஸ்ரூடியோவின் பழைய விளையாட்டுகளிலிருந்து வந்த பாத்திரங்கள்.