மின்சுற்றுப் படமும் குறியீட்டு நூலகமும்

எழுதப் பயில்வோருக்கு நெடுங்கணக்கு எத்தகையதோ, மின்னியல் பயில்வோருக்குச் சுற்றுப்படக் குறியீடுகள் அத்தகையவை. இவற்றைக் கணிப்பொறியில் வரைவதற்கு விலையின்றிக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் பெரிதும் வழங்குவது கீகேட் என்பதாகும். பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில் ழான்-பியேர் ஷாரா என்பவர் 1992-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவாகிய ஈசிம் என்னும் மென்பொருளும் படம் வரைவதற்குக் கீகேட்டையே துணைக்கொள்கிறது.

இம்மென்பொருளில் மின்தடை, டையோடு, டிரான்சிஸ்டர் முதலியவற்றின் குறியீடுகள் நூலகங்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. குறியீடு என்பது வெறும் கோட்டுச் சித்திரமன்று. அதன் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண்ணும், ஒரு பெயரும், அது உள்ளீடா வெளியீடா என்னும் குறிப்பும் உண்டு. இரண்டு வெளியீடுகளைத் தவறுதலாக இணைத்தால், சோதனைக் கட்டளையின்போது மென்பொருள் எச்சரிக்கும். அச்சிட்ட சுற்றுப் பலகையில் எந்த முனை எந்தத் துளையில் அமரவேண்டும் என்பதையும் முனை எண்ணே தீர்மானிக்கிறது.

இங்கேதான் கவனம் தேவை. பெங்களூரு எஸ்.பி. சாலையிலுள்ள மின்னணுக் கடைகளில் பி.சி. 547, 2 என் 3904 என்னும் இரு டிரான்சிஸ்டர்களை வாங்கி அருகருகே வைத்தால், உருவில் வேற்றுமை காண்பது அரிது. ஆயினும் தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்க, முன்னதில் இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என முனைகள் அமைந்துள்ளன. பின்னதிலோ உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என வரிசை தலைகீழாகிறது. ஒன்றின் குறியீட்டை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் படம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். சோதனையும் பிழை காட்டாது. ஆனால் பலகையில் டிரான்சிஸ்டர் புறமாறி இணையும். அதன் பெருக்கம் மிகவும் குன்றிவிடும். மாணவன் தன் கணக்கில் பிழையைத் தேடி வீணே அலைவான்.

ஆகவே ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம். முதலாவது, எந்தக் குறியீட்டையும் உற்பத்தியாளரின் தரவுத்தாளோடு முனைக்கு முனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, திருத்தம் தேவைப்படின் மென்பொருளுடன் வந்த நூலகத்தில் கை வைக்காமல், குறியீட்டைத் தம் சொந்த நூலகத்தில் படியெடுத்துத் திருத்த வேண்டும். மூன்றாவது, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதற்கொண்டு, படக் கோப்பு குறியீடுகளின் பிரதியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. இதனால் நூலகம் இல்லாத கணிப்பொறியிலும் படம் திறக்கும். ஆனால் நூலகத்தில் செய்த திருத்தம் பழைய படத்திற்குத் தானாகச் செல்லாது. புதுப்பிக்கும் கட்டளையை ஒவ்வொரு படத்திலும் தனியே இடவேண்டும்.

மின்தடைக்கு நெளிகோடு, செவ்வகம் ஆகிய இரு வடிவங்களும் நூலகத்தில் உள்ளன. செவ்வகமே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வடிவம். நெளிகோடு அமெரிக்க வழக்கு. எதைக் கொண்டாலும் ஒரு படத்தில் ஒன்றையே கொள்ள வேண்டும்.

ஓர் ஆசிரியர் சரிபார்த்த நூலகம், பிற பள்ளிகளுக்கும் பயன்படும். அதை அளிக்கும்போது ஒப்பிட்ட தரவுத்தாளின் பெயரையும் உடன் குறித்து வைத்தல், பின்வருவோருக்குப் பெருந்துணையாகும்.