இரு தூரங்கள்: இளைஞர் உடற்பயிற்சிக்கு ஒரு நபிவழிச் சான்று

இளைஞர்களிடையே உடற்பயிற்சியை வலியுறுத்தும் மேடைகளில், வலிமையுள்ள இறைநம்பிக்கையாளரைச் சிறப்பிக்கும் நபிமொழி தவறாமல் எடுத்தாளப்படுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அந்நபிமொழியின் விளக்கத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இங்கு வலிமை என்பது மறுமைக் காரியங்களில் உள்ள மனவுறுதி என்றே பொருள் கொள்கிறார்கள். வலியவர், மெலியவர் இருவரிடத்தும் நன்மை உண்டு என்னும் அதன் தொடர்ச்சியையோ பேச்சாளர்கள் பலர் விட்டுவிடுகின்றனர். மெலிந்த உடலினரைச் சிறுமைப்படுத்த அதில் இடமில்லை.

இதனினும் நேரடியான சான்று ஒன்று உண்டு. நம் வகுப்புகளில் அது, ஒரு பள்ளிவாசலை இன்னாருடைய பள்ளிவாசல் எனப் பெயர் சொல்லி அழைக்கலாமா என்னும் சட்டத்திற்கு ஆதாரமாக வாசிக்கப்பட்டு, அத்துடன் கடந்துபோகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் நடத்திய குதிரைப் பந்தயம் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸே அது. பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை வகுக்கப்பட்டது. ஸுஃப்யான் (ரஹ்) அவர்களின் குறிப்புப்படி அது 5 அல்லது 6 மைல். பயிற்றப்படாதவற்றுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை 1 மைல் மட்டுமே. இளவயதினரான இப்னு உமரும் அதில் பங்கேற்றார்கள்.

பயிற்றுதல் என நாம் மொழிபெயர்க்கும் ‘இள்மார்’ அரபியரிடம் ஒரு முறையான கலையாக இருந்தது. குதிரைக்கு முதலில் நிறையத் தீனியிட்டுக் கொழுக்கவைப்பர். பிறகு படிப்படியாகத் தீனியைக் குறைத்து, போர்வையால் மூடி வியர்க்கச் செய்வர். தளர்சதை வற்றி மூச்சு நீளும். அக்கலையினும் நம் கவனத்திற்குரியது, பழகாத குதிரைமீது பழகிய குதிரையின் தூரம் சுமத்தப்படவில்லை என்பதே. விலங்குக்குக் காட்டப்பட்ட இந்த நீதியை நம் இளைஞர்கள் தம் உடலுக்குக் காட்டுவதில்லை. ஆண்டு முழுதும் அமர்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, முதல் வாரமே பெரும்பாரம் தூக்குகின்றனர். தசை சில வாரங்களிலேயே வலுவேறும்; தசைநாணும் எலும்பும் அத்துணை விரைவில் வலுப்பெறா. காயங்கள் பல இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன.

அளவு எது? பெரிதாகவும் அடுத்தடுத்தும் மூச்சுவிடும்படி செய்கின்ற, நாமே விரும்பிச் செய்யும் அசைவே உடற்பயிற்சி என இப்னு சீனா ‘அல்கானூன்’ நூலில் வரையறுத்தார். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் மூச்சே அளவுகோல்: பேச முடிந்து பாட முடியாத நிலை நடுத்தர உழைப்பு என்பர் இன்றைய மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட நடுத்தர அல்லது கடும் உழைப்பு வேண்டும். வாரத்தில் 3 நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

தொழுகையே போதிய உடற்பயிற்சி என்பாருடன் நாம் உடன்படவில்லை. வணக்கத்தை அசைவாகச் சுருக்குவது அதற்குச் சிறப்புமன்று. அமைதியாக நிறைவேற்றப்படும் ருகூவும் ஸுஜூதும் மூச்சு வாங்கச் செய்வதுமில்லை.

இப்பொறுப்பில் முதலில் கேள்விக்குள்ளாக வேண்டியவை நம் மத்ரஸாக்களே. ஹிஃப்ழ் மாணவர் விடியலுக்கு முன்பிருந்தே தரையில் அமர்ந்து ஓதுகிறார். அஸருக்குப் பிந்திய சிறுபொழுதையும் பாடத்திற்கு எடுத்துக்கொள்வது மார்க்கப்பற்று எனக் கருதப்படுகிறது. பாடம் முடிந்த சிறுவனை விளையாட விடாவிட்டால் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்னும் கருத்தை ‘இஹ்யா’வில் எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிட நாம் பேணுதல் மிக்கவர்களோ! பெண்கள் மத்ரஸாக்களின் நிலை இன்னும் இறுக்கமானது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களுடன் ஓடி ஒருமுறை வென்றதும், உடல் பருத்தபின் ஒருமுறை தோற்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. மதில் சூழ்ந்த முற்றம் உள்ள நிறுவனத்தில் மாணவியர் ஓட என்ன தடை?

தொடங்குவோர்க்கு அந்த 1 மைலே போதும். முதல் இரு வாரம் விரைந்து நடக்கட்டும். பிறகு நடையினூடே சிறிது சிறிதாக ஓட்டத்தைச் சேர்க்கட்டும். வாரம் 3 நாள் குந்தி எழுதலும் சுவரில் கையூன்றித் தள்ளுதலும், அவை எளிதானபின் தரையில் தண்டால். ஆஸ்துமா, இதயக் குறைபாடு உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.